இடது இறக்கையில் ஒரு கட்டைவிரல்

பேக்கன் பன்றியிறைச்சி வறுபடும் வாசனை வந்தாலே மார்னிக்குப் பசி எடுத்துவிடும். அன்றைக்கு எடுக்கவில்லை.

ஸ்கெல்தோர்ப் ஊர்மன்றத்தில் மாடல் விமானக் கிளப்பின் வருடாந்திரப் போட்டி. மடக்கு மேசைகளில் பச்சைத் துணி விரித்து, தீப்பெட்டி அளவு விமானத்திலிருந்து கைக்குழந்தை அளவு விமானம் வரைக்கும், நடுவில் கொஞ்சம் கப்பல்களையும் நிறுத்தியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், தேநீர் கொதிக்கும் ஆவி படாத ஜன்னலோரத்தில், 'அப்படி நடந்திருந்தால்' பிரிவு. எந்த நாட்டு விமானப்படையும் பூசாத நிறங்களை, எந்தப் போரிலும் நடக்காத கதைகளுக்காக, விமானத்தில் பூசிக் கொண்டுவருகிறவர்களின் மேசை அது. அங்கே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் நின்றுகொண்டிருந்தது. அதைச் செய்தவள் மார்னி. எந்தப் பெட்டியிலிருந்து செய்தாளோ அந்தப் பெட்டி அப்பாவுடையது. அப்பாவுக்கு அது தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கையில் டார்ச்சோடு அந்த மேசைக்கு மார்க் போட வரப்போகிறவரும் அப்பாதான்.

"என்ன கண்ணு, மூஞ்சிக்கு வெள்ளை பிரைமர் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கே?" என்றாள் பாலின். கிளப்பின் செயலாளரும் அவள்தான், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறவளும் அவள்தான். "பயப்படாத. நம்பர் மட்டும்தான் வெச்சிருக்கேன். யாரோடதுன்னு உங்கப்பனுக்குத் தெரியாது. பரிசு அறிவிக்கும்போது பாரு, அப்படியே உருகிடுவான்."

"பாலின், அத எடுத்துடலாமா?"

"எடுக்கறதா? உங்கம்மா பஸ் ஓட்டப் போற அவசரத்துலயும் கேக் டப்பால வெச்சு, சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போயிருக்கா. எடுத்தா என்னய பஸ்ஸ ஏத்தியே கொன்னுடுவா. இந்தா, இந்தத் தட்டத் துடை."

மார்னி தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

அவர்கள் வீட்டுப் பரண் அறையில் அப்பா சேர்த்துவைத்த, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி விமானம் செய்யும் பெட்டிகள் கூரை முட்டும். ஒன்றுகூடப் பிரிக்கப்படாதவை. இந்தக் கிளப்பில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். வாங்குவது வேகமாகவும் செய்வது மெதுவாகவும் நடக்கும், ஆயுசு நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆனால் எல்லாப் பெட்டிக்கும் மேலே, தனியாக, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது அந்த வல்கன் பெட்டி. கொஞ்சம் பெட்டிகள் மட்டும் விற்றுவிட்டு மூடிப்போன ஏதோ ஒரு சின்னக் கம்பெனியின் சரக்கு. சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியாதது. 'ரஸ்ஸலோட வல்கன்' என்றால் லிங்கன்ஷைர் முழுக்கத் தெரியும். நாட்டிங்காமிலிருந்து ஒருத்தர் காரை எடுத்துக்கொண்டு வந்து, தொடாமல், பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா அதை இறக்கி, தூசி தட்டி, காதோரம் வைத்து மெல்லக் குலுக்குவார்.

"கேட்டியா மார்னி? எல்லாம் பத்திரமா இருக்கு."

"எப்பப்பா செய்யப் போறீங்க?"

"கை இன்னும் அதுக்குப் பக்குவப்படல."

மார்னி பிறந்ததிலிருந்து அந்தக் கை பக்குவப்படவில்லை.

கோடை விடுமுறையில் ஒரு திங்கட்கிழமைதான் விபத்து. கூடாரத்தை எடுக்கப் பரணுக்குப் போனவளின் முழங்கை பட்டு, மகாராணி தலைகீழாக விழுந்தாள். பிளாஸ்டிக் தாள் நீளமாகக் கிழிந்தது, மூடி திறந்தது. முதலில் வந்தது ஒரு வாடை. மீன் வாடை. பரணில் எலி ஏதோ செய்துவைத்திருக்கிறது என்று நினைத்தாள். அப்புறம்தான் உள்ளே பார்த்தாள்.

இடது இறக்கை ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் கோணல்மாணலாக, பசை வழிய. அதன் நடுவில் அச்சு வைத்தாற்போல் ஒரு பெரிய கட்டைவிரல் ரேகை. மாடல் செய்கிற எல்லாருக்கும் கெட்ட கனவில் வருவது அதுதான். இந்தப் பசை பிளாஸ்டிக்கை ஒட்டுவதில்லை, உருக்கிச் சேர்க்கிறது. உருகின இடத்தில் விரல் பட்டால் கதை முடிந்தது. ரேகை அப்படியே இறுகிப்போய், பிளாஸ்டிக் இருக்கும்வரை இருக்கும்.

மார்னிக்கு ஒரே ஒரு விஷயம்தான் தோன்றியது. அப்பாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள். எவனோ ஒரு தடியன் பிரித்து, கெடுத்து, மூடிச் சுற்றி, புதுசு என்று அப்பா தலையில் கட்டிவிட்டான். அப்பா அதை வருடக்கணக்கில் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் மனுஷன் தாங்கமாட்டார்.

அவருக்குத் தெரியாமலே சரிசெய்துவிடலாம் என்றுதான் உப்புத்தாளை எடுத்தாள். கொஞ்சம் தேய்த்தாள். ரேகை மங்கிற்று, ஆனால் இறக்கையில் பள்ளம் விழுந்தது. பள்ளத்துக்குப் பூச்சு வைத்தாள். பூச்சு காய்ந்ததும் ரேகை மறுபடி எட்டிப்பார்த்தது. மேலே பெயின்ட் அடித்தால் மறையுமா என்று பார்த்தாள். ஒரு இறக்கைக்கு அடித்துவிட்டு மற்றதை எப்படி வெறுமனே விடுவது? ஒட்டினாள். இரண்டு இறக்கை இருந்தால் உடம்பு வேண்டாமா? அதையும் ஒட்டினாள். அந்த வெள்ளிக்கிழமைக்குள் வல்கன் தன் சக்கரங்களில் எழுந்து நின்று அவளைப் பார்த்தது.

ரேகை மட்டும் போகவே இல்லை. போகாததை என்ன செய்வது? அதையே வரைபடமாக எடுத்துக்கொண்டாள். சுவரில் படம் ஒட்டும் நீல ஒட்டுக்களிமண்ணைப் புழு புழுவாக உருட்டி, ரேகையின் ஒவ்வொரு சுழிக்கும் வெளியே இன்னொரு சுழி, அதற்கும் வெளியே இன்னொன்று என்று அந்தப் பெரிய முக்கோண இறக்கை முழுக்க ஒட்டினாள். நடுவில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் உழுத மண்ணின் பழுப்பு, முட்டைக்கோஸ் பச்சை, வாய்க்கால் தண்ணீரின் சாம்பல். களிமண்ணை உரித்து எடுத்தபோது அவளே கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். குற்றம் செய்கிறோம் என்பதே அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

பிறகு ஞாபகம் வந்தது. பாகங்கள் கழன்றுபோன வெற்றுச் சட்டங்களைப் பெட்டிக்குள் திரும்ப அடுக்கினாள். குலுக்கினால் சத்தம் வேண்டுமே? சமையலறை அலமாரியிலிருந்து மக்கரோனிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொட்டினாள். உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினாள். சுருக்கமே இல்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். நின்றார். மறுபடியும் குலுக்கினார்.

"ம்" என்றார் அப்பா. பத்திரமாகத் திரும்ப மேலே வைத்தார்.

அதோடு முடிந்திருக்கும். துணிமணி அலமாரியில் ஸ்வெட்டர் தேடிய அம்மா வல்கனைக் கண்டுபிடித்தாள். அம்மாவுக்கு வல்கனுக்கும் வௌவாலுக்கும் வித்தியாசம் தெரியாது. பரணில் இருக்கும் பெட்டியெல்லாம் அவளுக்கு ஒரே குப்பை.

"அடி லூசு! இவ்வளவு அழகாச் செஞ்சுட்டு ஸ்வெட்டருக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கே! அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. தெரிய வேணாம்மா. ப்ளீஸ்மா."

"ஓ, அவருக்கு சர்ப்ரைஸா?" என்று கண்ணடித்தாள் அம்மா. அந்தக் கண்ணடிப்பில்தான் எல்லாம் கைமீறிப் போயிற்று.

"இதோ வராங்க நீதிபதிங்க" என்றாள் பாலின்.

ஐவர் தாக்கர் முன்னால் வந்தார். கிளப்பின் தலைவர். ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன்ட், இன்னும் ஓய்வுபெறாத மீசை. பின்னால் அப்பா, எல்லா நிறத்திலும் பெயின்ட் கறை உள்ள கம்பளிச் சட்டையில். மார்னி தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலோர மேசை நன்றாகத் தெரியும், காதும் கேட்கும்.

முதலில் நின்றது போப்பாண்டவரின் விமானப்படைக்காக ஊதாவும் மஞ்சளும் பூசிய ஒரு ஹாரியர் போர்விமானம்.

"இந்த மஞ்சள் தப்பு" என்றார் ஐவர்.

"ஐவர், போப்புக்கு விமானப்படையே கெடையாது."

"இருந்திருந்தா இந்த மஞ்சள் அடிச்சிருக்க மாட்டார்யா. இது கடுகு. அவரு கொடில இருக்கறது வேற. ரெண்டு மார்க் கொற."

அடுத்தது ஒரு ஹரிகேன். உடம்பு முழுக்க ரோஜாப்பூ, பூந்தோட்டத்தில் ஒளிந்துகொள்ளவாம்.

"ரோஜா எந்த மாசம் பூக்கும்?" என்றார் ஐவர்.

"ஜூன்."

"இதுல பனிக்கால டயர் போட்டிருக்கான். ஒரு மார்க் கொற."

பிறகு அவர்கள் வல்கனின் முன்னால் வந்து நின்றார்கள்.

அப்பா டார்ச்சை எரியவிட்டார், அணைத்தார், மறுபடி எரியவிட்டார். மூக்கு இறக்கையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். அவருடைய காது மடல்கள் மெல்லச் சிவப்பதை மார்னி அங்கிருந்தே பார்த்தாள். தெரிந்துவிட்டது. பெட்டியை அடையாளம் கண்டுவிட்டார். இப்போது திரும்புவார். இப்போது கத்துவார். இப்போது.

"நல்லாருக்கு" என்றார் அப்பா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ரொம்ப நல்லாருக்கு. அடுத்ததுக்குப் போலாம்."

"என்னய்யா அவசரம்? இரு." ஐவர் வல்கனுக்கு முன்னால் வைத்திருந்த அட்டையைச் சத்தமாகப் படித்தார். "'லிங்கன்ஷைர் தனி நாடாகப் பிரிந்த பிறகு அதன் விமானப்படை. உழுத வயல்களுக்கு மேல் தாழப் பறக்கும்போது மறைந்துகொள்வதற்கான நிறம்.' ம். நம்ம ஊர்ல வயல எப்படி உழுவாங்க?"

"டிராக்டர்லதான்."

"நேரா உழுவாங்க! இந்த ஊர்ல ஒரு மேடு உண்டா, ஒரு பள்ளம் உண்டா? பலகை மாதிரி பூமி. ஸ்கேல் வெச்ச மாதிரி உழுவான். இது என்ன சுத்திச் சுத்தி? இத நெலாவுல இருந்து பாத்தாலே தெரியுமே!"

"டிராக்டர் ஓட்டினவரு குடிச்சிருந்தாரு" என்று ஒரு குரல் வந்தது.

அது தன் குரல்தான் என்று மார்னிக்குத் தெரிய ஒரு வினாடி ஆயிற்று. வாயைப் பொத்திக்கொண்டாள். பாலின் ரொட்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். ஐவர் சிரிக்கவில்லை. தன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து இறக்கையின் மேல் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தார். பிறகு இன்னும் சாய்த்தார்.

"ரஸ்ஸல்."

"என்ன?"

"இங்க பாரு. பெயின்ட்டுக்குக் கீழ. இது உழவு இல்ல. இது கட்டைவிரல்."

"அப்படியா?" என்றார் அப்பா. அவர் வலது கை மெல்லச் சட்டைப்பைக்குள் போயிற்று.

"இருபத்தஞ்சு வருஷம் போலீஸ்ல இருந்தவன்யா நான். ரேகைய எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். எவனோ பசைக்கையோட வெச்சு அழுத்தியிருக்கான். நல்ல தடி விரல். பாலின்! நாப்பத்தொண்ணாம் நம்பர் யாரோடது?"

பாலின் மார்னியைப் பார்த்தாள். மார்னி தேநீர்ப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"மார்னியோடது" என்றாள் பாலின். "ரஸ்ஸலுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"சர்ப்ரைஸ்தான்" என்றார் அப்பா.

"அம்மாடி, இங்க வா" என்றார் ஐவர். "கட்டைவிரலக் காட்டு."

எப்படிப் போனோம் என்றே தெரியாமல் மார்னி போய் நின்றாள். விரலை நீட்டினாள். ஐவர் அதை இறக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரேகையில் பாதிகூட இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் மெல்ல நெருங்கி வந்தார்கள். கப்பல் பிரிவிலிருந்துகூட ரெண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"அப்ப இது ஒரு ஆம்பிளையோட வெரல்." ஐவர் மீசையைத் தடவினார். "பொண்ணு பேர்ல மாடல், அப்பன் கைல வேலை. எத்தன போட்டில பாத்திருக்கேன்! பத்து வயசுப் பையன் பேர்ல வரும், பைலட் மேல இருக்கற கண்ணாடி மூடியப் பாத்தா சுவிட்சர்லாந்துக் கடிகாரக்காரன் செஞ்ச மாதிரி இருக்கும். அப்பன் ஓரமா நின்னு எதுவும் தெரியாத மாதிரி சூயிங்கம் மெல்லுவான். ஆனா ரஸ்ஸல், நீயா? செஞ்சதும் இல்லாம, நீயே மார்க் போட வந்திருக்கே?"

"நான் இதத் தொடவே... அதாவது, இத இதுக்கு முன்னாடி பாத்ததே..." என்று இழுத்தார் அப்பா.

"கையப் பையிலேருந்து எடு."

அப்பா எடுக்கவில்லை. கூட்டத்தில் யாரோ "ஐயோ ரஸ்ஸல்" என்றார்கள். பெயின்ட் கறைச் சட்டைக்குள் அப்பா சுருங்கிக்கொண்டே போனார். மார்னி அவரை அப்படிப் பார்த்ததில்லை. பயந்து பயந்து அவள் நினைத்துவைத்திருந்த முகம் கோபமான முகம். இது அது இல்லை. இது பயந்த முகம். ஏன் பயப்படுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. செய்யாத தப்புக்கு எல்லார் முன்னாலும் நிற்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

"அப்பா இதச் செய்யல!" என்றாள். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "நான்தான் செஞ்சேன். எல்லாமே நான்தான். இது... இது அப்பாவோட வல்கன். பரண் மேல இருந்தது. நான்தான் கீழ தள்ளிட்டேன், நான்தான் எடுத்தேன். வீட்ல இருக்கற பெட்டில இப்ப மக்கரோனிதான் இருக்கு."

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. கொலை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆழமாக இழுத்திருக்காது.

"ரஸ்ஸலோட வல்கனா?" என்றார் யாரோ. "சீல் பிரிக்காததா?"

"சீல் பிரிச்சதுதான்!" மார்னிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "உள்ள ஏற்கெனவே இந்த ரேகை இருந்துச்சு. அப்பாவ யாரோ ஏமாத்திட்டாங்க. கெட்டுப்போன பெட்டிய மூடி, புதுசுன்னு சொல்லி வித்திருக்காங்க. அப்பாக்கு அது தெரியவே தெரியாது. வித்தவன் ஒரு திருட்டுப் பய. அவனக் கூப்பிட்டு அவன் வெரல வெச்சுப் பாருங்க!"

எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். அந்த வேறெங்கோ ஐவராக இருந்தது. ஐவரின் முகம் பேக்கன் நிறத்துக்கு வந்து, அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"கண்ணு" என்றாள் பாலின் மெல்ல. "அந்தப் பெட்டிய உங்கப்பனுக்கு வித்தது ஐவர்தான்."

மார்னிக்கு உட்காரவேண்டும்போல் இருந்தது. நாற்காலி இல்லை.

"நானா?" என்றார் ஐவர். "நான் திருட்டுப் பயலா? நான்? இந்தா, வெச்சுப் பாரு!" தன் கட்டைவிரலை எடுத்து இறக்கையின் மேல் நீட்டினார். அது இன்னும் பெரிதாக, மண்வெட்டி மாதிரி இருந்தது. "பாத்தியா? என்னுது இல்ல! கம்பெனிக்காரன் சுத்தின தாளோட குடுத்தேன்யா! ஒரு கீறல் கெடையாது! ரஸ்ஸல், வாயத் தொறந்து சொல்லேன்! சீலோட குடுத்தேனா இல்லையா?"

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார்.

"குடுத்தீங்க" என்றார் அப்பா. "சீலோடதான் குடுத்தீங்க."

வலது கையைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து, கட்டைவிரலை மெதுவாக இடது இறக்கையின் நடுவில் வைத்தார்.

சாவி பூட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. விரலைச் சுற்றி முதல் சுழி, அதைச் சுற்றி அடுத்தது, பழுப்பும் பச்சையும் சாம்பலுமாக இறக்கையின் ஓரம் வரைக்கும் போயிற்று. மனுஷன் தன் விரலை ஒரு வயல்மேல் ஊன்றிவைத்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது.

"அன்னிக்கு சாயங்காலமே பிரிச்சுட்டேன் ஐவர்."

"பிரிச்சியா?" என்றார் ஐவர்.

"நீங்கதான சொன்னீங்க? பெட்டியக் கையில குடுத்துட்டு, 'உன் கைய வெச்சுக்கிட்டு இதத் தொட்டுடாதடா'ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னீங்க. தொட்டுக் காட்டணும்னு இருந்துச்சு. இறக்கைய ஒட்டினேன். வெரல் மாட்டிக்கிச்சு. இழுத்தேன். போச்சு."

"அப்ப அந்த சீலு? இத்தன வருஷமா? நாட்டிங்காம்லேருந்து ஆளு வந்து பாத்துட்டுப் போனானேய்யா!"

அப்பா தரையைப் பார்த்தார். "கிரிம்ஸ்பி ரோட்டுல மீன் கடை இருக்கில்ல. அங்க மீன வெச்சு பிளாஸ்டிக் சுத்தற மெஷின் ஒண்ணு இருக்கு. கடைக்காரர்கிட்டக் கெஞ்சிக் கேட்டேன். ஹேடக் மீனுக்கும் காட் மீனுக்கும் நடுவுல வெச்சு சுத்திக் குடுத்தாரு."

"அதான் அந்த வாடை!" என்றாள் மார்னி.

பாலின்தான் முதலில் சிரித்தாள். கையிலிருந்த வெண்ணெய்க் கத்தி கீழே விழுந்தது. அப்புறம் கப்பல் பிரிவு சிரித்தது. போப்பின் ஹாரியரைச் செய்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அப்பா, அப்ப மக்கரோனி?" மார்னி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "குலுக்கினீங்களே. தெரியலயா?"

"மொத ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுது. பிளாஸ்டிக்கு அப்படிச் சத்தம் போடாது. அது சமையக்கட்டுச் சத்தம். உங்கம்மா வேற மக்கரோனியக் காணும்னு வீடெல்லாம் தேடிட்டிருந்தா."

"அப்பறம் ஏன் ஒண்ணும் கேக்கல? நான் இத்தன நாளா செத்துச் செத்துப் பொழச்சேன்பா!"

"நான் மட்டும்? கேட்டா, உள்ள என்ன இருந்துச்சுன்னு நீ திருப்பிக் கேப்பியே. அதான் 'ம்'னு சொல்லிட்டு மேல வெச்சேன்."

ஐவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமி, நீதிமன்றத்தில் நிற்கிறவர்போல் நிமிர்ந்தார்.

"சட்டம் சட்டம்தான். தனிநபர் பிரிவுல ஒருத்தர் கை மட்டும்தான் படலாம். இதுல ரேகை ரஸ்ஸலோடது, மத்ததெல்லாம் பொண்ணோடது. ரெண்டு பேர் வேலை. ஆக, இத இந்த மேசைலேருந்து எடுக்கணும். கூட்டு முயற்சிப் பிரிவுல சேக்கறேன்."

"அந்தப் பிரிவுல வேற யாரு இருக்காங்க?" என்றார் அப்பா.

"யாரும் இல்ல" என்றாள் பாலின். "நாலஞ்சு வருஷமா யாருமே இல்ல. இங்க எவனும் எவன் கையையும் தன் மாடல் கிட்ட விடறதில்ல."

மார்னி உட்கார இடம் தேடுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பிரிவில் ஒரே ஒரு மாடல். கணக்குப் பெரிய கணக்கில்லை.

மதியம் பரிசு அறிவித்தார்கள். ஐவர் மேடையில் ஏறி, கூட்டு முயற்சிப் பிரிவு என்று படித்தார். எல்லாரும் கைதட்டத் தயாரானார்கள்.

"ரெண்டாம் பரிசு, ரஸ்ஸல் எப்டன், மார்னி எப்டன்."

கைகள் பாதியில் நின்றன.

"மொதல் பரிசு யாருக்கு ஐவர்?" என்று பாலின் கத்தினாள்.

"யாருக்கும் இல்ல. நேரா உழுதுட்டு வரட்டும், தரேன்."

வீட்டுக்குப் போகும்போது மார்னி மடியில் கேக் டப்பா இருந்தது, டப்பாவுக்குள் வல்கனும் இரண்டாம் பரிசுக் கோப்பையும் இருந்தன. முட்டைக்கோஸ் வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின. நிஜமாகவே ஸ்கேல் வைத்த மாதிரி நேராகத்தான் உழுதிருந்தார்கள். ஐவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை மார்னி அவரிடம் சாகும்வரை சொல்வதாக இல்லை.

அப்பா காரை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

"கோவமாப்பா?"

"பின்ன? இல்லாம?"

மார்னி டப்பாவை இறுக்கிக்கொண்டாள்.

"வலது பக்கச் சக்கரம் கோணலா இருக்கு" என்றார் அப்பா. "பசை காயறதுக்கு முன்னாடி நிக்க வெச்சிருக்கே. அத்தன அழகா பெயின்ட் அடிச்சுட்டு, சக்கரத்துல வந்து இப்படிப் பண்ணுவாளா ஒருத்தி? டார்ச் அடிச்சதும் எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது அதுதான்."

"ரேகை படலயா?"

"அது ரெண்டாவதா பட்டுச்சு." கொஞ்சம் விட்டுச் சொன்னார்: "அந்த ரேகைய நெனச்சாலே எனக்கு வெக்கமா இருக்கும். அதப் போயி இப்படி இழுத்து விட்டிருக்கே. எப்படித்தான் தோணுச்சோ."

"வேற வழி தெரியலப்பா."

"ம்" என்றார் அப்பா. இந்த 'ம்' பழைய 'ம்' இல்லை. "வர ஞாயித்துக்கிழமை மேல இருந்து இன்னொரு பெட்டிய எறக்குவோம். நான் ஒட்டறேன், நீ பெயின்ட் அடி."

"நான் ஒட்டறேன்" என்றாள் மார்னி சட்டென்று. "நீங்க பெயின்ட் அடிங்க."

அப்பா சிரித்தார். மார்னியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குப் பரண் அறை ஞாபகம் வந்தது. கூரை முட்டும் பெட்டிகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படாத பெட்டிகள். மழைநாளில் அந்த அறையில் எப்போதும் அடிக்கும் ஒரு வாடை. எலி என்றுதான் இதுவரை எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா."

"என்ன?"

"மத்த பெட்டிங்க?"

அப்பா காரின் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்தார். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது.

"அப்பா, எத்தன பெட்டி?"

"அந்த மீன் கடைக்காரர் இருக்காரே," என்றார் அப்பா, சாலையையே பார்த்துக்கொண்டு, "ரொம்ப நல்ல மனுஷன்."